கன்னம் பதியும் மேடு

மலைமேல் நீர்க்கொம்பையில் மார்க்கெட் ரோடு முடிந்து கேரட் கழுவும் மிஷின்கள் ஆரம்பிக்கிற வளைவில், தகரக் கூரையும் ஒற்றை ஜன்னலுமாக ஒரு பட்டறை இருந்தது. அந்தப் பட்டறையில் துப்பாக்கிக்குக் கட்டை போடுகிற நாகரத்தினம் இருந்தாள். அவளுக்கு நாற்பத்தெட்டு வயதாகியிருந்தது. அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டவர்களெல்லாம் கேட்டுச் சலித்து, அவர்களில் சிலர் செத்தும் போயிருந்தார்கள்.

துப்பாக்கியின் இரும்பு எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் செய்து வந்துவிடும். அந்த இரும்பைத் தாங்குகிற மரம், ஒரு முனையைத் தோளில் முட்டுக் கொடுத்து மேல்விளிம்பில் கன்னத்தைச் சாய்த்துக் குறி பார்க்கிற மரம்தான் கட்டை. இரும்பு யாருக்கும் ஒன்றுதான், கட்டை ஆளுக்கு ஆள் வேறு. பன்றி விரட்ட லைசென்ஸ் வைத்திருக்கும் தோட்டக்காரர்களும், கீழே கோயம்புத்தூர் ரைபிள் கிளப்காரர்களும் ரத்தினத்திடம் வருவார்கள். அவர்களை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, விசையில் வைக்கும் விரலிலிருந்து தோள்குழி வரைக்கும், தோள்குழியிலிருந்து கன்னத்து எலும்பு வரைக்கும், அங்கிருந்து கண் வரைக்கும் அளப்பாள். இரும்பின் மேல் புகைக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் பூசி, கட்டையில் குடைந்த குழிவுக்குள் வைத்து அழுத்தி எடுப்பாள், கரி ஒட்டிய இடம் மேடு, அந்த மேட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி வைப்பாள், மறுபடி எடுப்பாள், மறுபடி சுரண்டுவாள், இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு தலைமயிர்கூட நுழையாது என்கிற வரைக்கும் வைத்தும் எடுத்தும் கொண்டேயிருப்பாள். ஊரில் பாதிப்பேரின் தோளும் கன்னமும் அவள் கைக்கு மனப்பாடம். அவளுடைய தோள் அகலம் என்ன என்று தையல்காரர் ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மார்க்கெட்டில் வர்க்கி என்கிற மொறுமொறு ரொட்டி சுடும் பேக்கரி வைத்திருந்த ஆரோன், தன் மகள் கெசியாவைக் கூட்டிக்கொண்டு ஒரு ஜூன் மாத மழையில் அந்தப் பட்டறைக்குள் வந்தார். கெசியாவின் அம்மா செத்துப்போய் நாலைந்து வருஷமாகியிருந்தது. பள்ளிக்கூடத்து என்.சி.சி. முகாமில் அந்தப் பெண் பலகையின் நடுப்புள்ளியைத் துளைத்துப் பரிசு வாங்கியதிலிருந்து, ஆரோனுக்கு மகளோடு பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. அதன் பிறகு அவர் அதைத் தவிர வேறெதையும் பேசவில்லை. விடிகாலையில் அடுப்பு பற்ற வைத்த கையோடு அவளை எழுப்பி, வெறும் கையால் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி நிற்கச் சொல்லிப் பழக்குவார். சாயங்காலம் அவள் கிளப்பிலிருந்து வந்தால் "எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அவள் ஒரு எண் சொல்லுவாள். அந்த வீட்டின் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

"இவளுக்குன்னே ஒரு கட்டை வேணுமுங்க ரத்தினம்மா. காஷ்மீர் வால்நட் வரவழைச்சிருக்கேன். கிளப் துப்பாக்கி இவ கைக்கு நீளம். அதுலதான் பாயின்ட் போகுது."

ரத்தினம் அந்த மழைக்காலம் முழுவதும் கெசியாவுக்குக் கட்டை போட்டாள். பதினேழு வயசுப் பெண்ணின் தோள் இன்னும் எலும்பாகவே இருந்தது. வந்தால் நிற்பாள், கன்னத்தை வை என்றால் வைப்பாள், எடு என்றால் எடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். ரத்தினமும் பேசுகிற ஆள் இல்லை. சுரண்டியின் சத்தமும் தகரத்தில் மழையின் சத்தமும் மட்டும் இருக்க, இரண்டு பேரும் அப்படி மணிக்கணக்காக ஒரே ஜன்னலின் கீழே நின்றிருந்தார்கள். அந்த மாதிரி ஒரு துணை தனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை என்பது ரத்தினத்துக்கு அந்தப் பெண் போன பிறகுதான் தெரிந்தது.

கட்டை முடிந்த அன்று கெசியா அதைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கண் திறந்தபோது குறி நேராக ஜன்னல் கம்பியின் நடுவில் இருந்தது.

"எங்கயாச்சும் உறுத்துதா?" என்றாள் ரத்தினம்.

"இல்லக்கா. என் உடம்பு மாதிரியே இருக்கு."

கட்டையை மேஜைமேல் வைத்தாள், குடிக்கத் தண்ணீர் கேட்டாள், குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், வெளியே போனாள், கீழே போகிற மத்தியான பஸ்ஸில் ஏறினாள். அதன் பிறகு நீர்க்கொம்பையில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை பேக்கரிக்குப் போன் வந்தது. "நான் நல்லா இருக்கேன், தேடாதீங்க" என்ற குரலுக்குப் பின்னால் ஒரு பெரிய ஊரின் இரைச்சல் கேட்டதாக ஆரோன் சொன்னார். தேடத்தான் செய்தார். தேடி ஓய்ந்தார். துப்பாக்கியின் இரும்பு கிளப்புக்கே திரும்பிப் போயிற்று. கட்டையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டு போகவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ரத்தினம் அதைச் சுவரில் இரண்டு முளையடித்து அதன்மேல் கிடத்தி வைத்தாள்.

அடுத்த வருஷப் பனிக்காலத்தில், மரம் வறண்டுவிடக் கூடாதே என்று எண்ணெய் தடவ எடுத்தபோது, கட்டை அரை விரல் நீண்டிருந்தது.

ரத்தினம் அளவு நாடாவைப் பார்த்தாள். நாடா சரியாகத்தான் இருந்தது. கன்னம் பதியும் மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், அதுவும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. கழுத்து நீண்டால் அப்படித்தான் உயர வேண்டும். வளர்கிற வயசுதானே என்று நினைத்துக்கொண்டு, எண்ணெயைத் துடைத்துவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்து போய் பேக்கரி வாசலில் நின்றாள்.

"அண்ணா, உங்க பொண்ணு வளந்திருக்குங்க."

ஆரோன் மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு?" என்று கேட்டார்.

ரத்தினம் ஆள்காட்டி விரலில் பாதியைக் காட்டினாள். அவர் மாவை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் வந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. அதனால் வெள்ளிக்கிழமை என்றே ஆகிவிட்டது. வாராவாரம் சாயங்காலம் ஆரோன் வருவார், ரத்தினம் கட்டையை இறக்கி அளப்பாள், அவர் உள்ளங்கையை மேட்டின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், போவார். முதலில் அவர் மட்டும் வந்தார். பிறகு அவரோடு ஜெபக்கூட்டத்துப் பெண்கள் வந்தார்கள், பிறகு மாரியம்மன் கோயில் தெருக்காரர்கள் வந்தார்கள், பிறகு கேரட் கழுவுகிறவர்கள் ரப்பர் பூட்ஸோடு வந்தார்கள். மரம் வளருமா என்று யாரும் கேட்கவில்லை. மலைமேல் எல்லாந்தான் வளர்கிறது, வெட்டிப் போட்ட வேலிக்கம்புகூடத் துளிர்க்கிறது. அவர்கள் கேட்டதெல்லாம் பெண்ணைப் பற்றித்தான். நல்லா சாப்பிடுகிறாளா, இளைத்துவிட்டாளா, எதற்கு வலது தோள் இப்படித் தடித்துவிட்டது, மூட்டை தூக்குகிறாளா?

மேடு தாழ்ந்து கன்னம் ஒட்டிவிட்டது என்று தெரிந்த மாதம், அவள் எங்கேயோ பட்டினி கிடக்கிறாள் என்று ஊரே ஒரு வேளை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டது, அதனால் அவளுக்கு என்ன லாபம் என்று யாரும் யோசிக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அமலி ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்து, கட்டையின் வளைவுகளை விரலால் நீவிப் பார்த்து விளக்கம் சொல்லுவாள். ஒரு ஆவணி மாதம் தோள் முட்டும் முனையில் புதிதாக ஒரு பள்ளமும் அதன் ஓரத்தில் முடிச்சு மாதிரி ஒரு தடிப்பும் வந்தபோது, "காறை எலும்பு ஒடிஞ்சு கூடியிருக்கு. கட்டுப் போட்டவன் சரியாப் போடல" என்றாள். அன்று ஆரோன் வீட்டுக்குப் போகவில்லை. பட்டறை வாசல் கல்லில் மழை நிற்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

கெசியாவுக்குப் பதினெட்டு வயது ஆனபோது வார்டு மெம்பர் கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆள் உயிரோடு வளர்ந்து நிற்கும்போது பேரை எப்படி விடுகிறது என்று சொல்லி வாக்காளர் பட்டியலில் அவளைச் சேர்த்துவிட்டார். கிறிஸ்துமஸ் வந்தால் தையல்காரர் கட்டையைப் பார்த்து உத்தேசமாக அளவெடுத்து ஒரு ரவிக்கை தைத்து ஆரோனிடம் கொடுப்பார். அந்த ரவிக்கைகள் அவர் வீட்டுக் கொடியில் ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிதாக வரிசையாகத் தொங்கின. கேரட் லோடு ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு தடவை சென்னைக்குப் போகிற லாரிக்காரர் சம்சுதீன், கிளம்பும் முன்னால் ஜன்னலில் எட்டிப் பார்த்து "பாப்பா எப்படி?" என்று கேட்காமல் கியர் போடமாட்டார்.

ஆட்கள் வந்தார்கள், ஆனால் ரத்தினத்திடம் வரவில்லை. உள்ளே நுழைகிறபோதே கண் சுவருக்குப் போய்விடும். ஒரு தடவை உளி வழுக்கி இடது கைப் பெருவிரல் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டிக்கொண்டு, துணியைச் சுற்றிக்கொண்டு அவள் கட்டையை அளந்தாள். துணியில் ரத்தம் ஊறிக்கொண்டேயிருந்தது. நர்ஸ் அமலி அந்தக் கையை மெதுவாக ஒதுக்கிவிட்டு மேட்டைத் தொட்டுப் பார்த்து, "பரவால்ல, இந்த வாரம் முகம் தெளிஞ்சிருக்கு" என்றாள். கூட்டம் போன பிறகு ரத்தினம் தனியாக உட்கார்ந்து பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. அவளுமே காலையில் எழுந்ததும் தன் உடம்பைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கட்டையைத்தான் பார்த்தாள். எண்ணெய் தடவும்போது இன்று வெயில் வந்தது, தேயிலை பூத்திருக்கிறது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது என்று அதனிடம் சொல்லவும் பழகியிருந்தாள். அது காது இல்லாத மரம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இப்படி ஆறேழு மழைக்காலம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை ரத்தினம் கட்டையை இறக்கியபோது, மேடு தளும்பிக்கொண்டு நின்றது, தோள் முட்டும் முனையின் கீழ்க்கோடி மார்பை உறுத்தாமல் வெளிப்பக்கமாக விலகியிருந்தது. கட்டைக்காரிக்கு அதன் அர்த்தம் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. நர்ஸ் அமலி திறந்துவிட்டாள்.

"ஆரோண்ணா, நீங்க தாத்தா ஆகப்போறீங்க."

பட்டறையில் ஒரு சத்தம் எழுந்தது. யாரோ ஓடிப்போய் பேக்கரியிலிருந்து வர்க்கித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஆரோன் மட்டும் கட்டையைப் பார்த்துக்கொண்டு, யார்கிட்டேயும் என்று இல்லாமல், "கல்யாணம் ஆச்சா இவளுக்கு?" என்று கேட்டார். அதற்கு மரத்தில் பதில் இல்லை.

சம்சுதீன் அந்தச் செய்தியையும் லோடோடு ஏற்றிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். சந்தை நாள். தெருவை மூடிப் பனி இறங்கியிருந்தது. ரத்தினம் ஒரு தோட்டக்காரரின் கட்டைக்குக் கரி பூசிக்கொண்டிருந்தபோது, தலையில் துப்பட்டா சுற்றிய ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் வர்க்கிப் பொட்டலம் இருந்தது. ரத்தினம் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள். வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் தடித்து, காறை எலும்பில் ஒரு முடிச்சோடு இருந்தது.

"உள்ள வா கெசியா."

"நீங்க மட்டும் எப்படி கண்டுபுடிச்சீங்க?" என்றாள் அவள். "பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து வர்றேன். ஒரு ஆளுக்கும் தெரியல. அமலி சிஸ்டர் என்மேல இடிச்சுக்கிட்டுப் போறாங்க. அப்பா கடையில வர்க்கி வாங்கினேன். அவரேதான் மடிச்சுக் குடுத்தாரு. சில்லறை இல்லையாம்மான்னு கேட்டாரு. நிமிந்துகூடப் பாக்கல."

ரத்தினம் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். கெசியா உட்காரவில்லை.

"கோயம்பேடு மார்க்கெட்டுல மூட்டைக் கணக்குப் பாக்கறேன்க்கா. நேத்து காலையில ஒரு லாரிக்காரர் டீக்கடையில உக்காந்து கதை சொல்றாரு. எங்க ஊர்ல ஒரு மரம் இருக்கு, ஓடிப்போன பொண்ணோட உடம்ப அப்படியே காட்டும், இப்ப அவ முழுகாம இருக்கான்னு. கேக்கறவன் எல்லாம் சிரிக்கறான்." அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரர்கிட்டயே நான் இன்னும் சொல்லலக்கா. எனக்கே போன வாரந்தான் தெரியும்."

ரத்தினம் கரிபடிந்த கையைத் துணியில் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"தோள் எலும்பு ஒடிஞ்சது தெரியுமா?"

"தெரியும்."

"சாப்பாடு இல்லாம இருந்தது?"

"தெரியும்மா."

"எல்லாருக்குமா?"

"ஆமா."

கெசியா சுவரைப் பார்த்தாள். அதுவரைக்கும் அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "அவருக்கு ஸ்கோர் சொல்லிச் சொல்லித்தான் நான் ஓடினேன். இங்க வாராவாரம் நின்னு அதையேதான் கேட்டிருக்காரு. ஊரையும் கூட்டிவெச்சுக்கிட்டு."

"அவரு அப்படிக் கேக்கலம்மா" என்று ஆரம்பித்த ரத்தினம், எப்படிக் கேட்டார் என்று யோசித்துப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் கேட்ட வார்த்தை அதே வார்த்தைதான். எவ்வளவு. முகம்தான் வேறாக இருந்தது. முகத்தை வார்த்தையில் எப்படிச் சொல்வது?

கெசியா போய் கட்டையை இறக்கினாள். எடை பார்க்கிற மாதிரி ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டு, தோளில் ஏற்றிக் கன்னத்தைச் சாய்த்தாள். முடிச்சு பள்ளத்தில் உட்கார்ந்தது. கன்னம் மேட்டில் உட்கார்ந்தது. கரி பூசிப் பார்த்திருந்தால் ஒரு புள்ளிகூட ஒட்டியிருக்காது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு அவள் நின்ற நேரத்தில், தெருவில் சந்தைக்காரன் ஒருவன் முட்டைக்கோஸ் முட்டைக்கோஸ் என்று கூவிக்கொண்டு போய், வளைவில் திரும்பி, மறைந்தும் போனான்.

"நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

ரத்தினம் சுவரைப் பார்த்தாள். ஆரோனுக்கு என்ன பதில் சொல்வது என்பது அடுத்துத்தான் மனசில் வந்தது. முதலில் வந்தது நாளைக் காலை. அந்தச் சுவர். இரண்டு முளை.

"அதை என்ன பண்ணுவ?"

"தெரியல. அடுப்புல வெச்சாலும் வெப்பேன்."

"வேண்டாம்மா. உனக்கு ஏதாச்சும் ஆயிடும்."

"என்னோடதுதான்கா இது? என் அளவுதான்?"

"உன்னோடதுதான்."

ரத்தினம் பெட்டியிலிருந்து ஒரு பழைய போர்வையை எடுத்து, எண்ணெய்த் துணியைச் சுற்றி, அதன்மேல் போர்வையைச் சுற்றி, குழந்தையைப் பொதிகிற மாதிரி பொதிந்து இரண்டு இடத்தில் கட்டினாள். டீ போட்டாள். கெசியா அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றாள். பசியாகத்தான் இருந்திருக்கிறாள்.

"உப்பு கூடிப்போச்சு" என்றாள்.

கிளம்பும்போது, "நான் வந்தத யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்ன யாரும் பாக்க வேண்டாம். நான் சொல்லணும்னு தோணுறப்ப நானே சொல்றேன்" என்றாள். அப்புறம் போகிற கால் திரும்பி வந்து, ரத்தினத்தின் இடது கையை எடுத்துப் பெருவிரலில் இருந்த தழும்பைப் பார்த்து, "இது எப்ப ஆச்சு?" என்று கேட்டாள்.

"அது பழசு" என்றாள் ரத்தினம்.

பஸ் பனிக்குள் போகிற சத்தம் கேட்டது. சத்தம் தேய்ந்த பிறகும் அவள் வாசலில் நின்றாள்.

அன்றைக்கே வேறொரு கட்டைக்கு உட்கார்ந்தாள். மரம் அவளிடம் இருந்தது. கிளப்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போன ஒரு வால்நட் துண்டு. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் தோட்டக்காரர் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நாடாவும் தேவைப்படாமல், உள்ளங்கை சொல்லச் சொல்லச் செதுக்கினாள். பள்ளம், முடிச்சு, வெளிப்பக்கம் விலகின கீழ்க்கோடி, தளும்பின மேடு. உப்புத்தாள் போட்டு, டீத்தூள் தண்ணீரில் நிறம் ஏற்றி, எண்ணெய் தேய்த்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் முளைமேல் கிடத்தினாள். இதுவும் கட்டைதான், ஆனால் இதைப் பார்த்து அவள் இன்றைக்கு வெயில் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் ஊர் வந்தது. தொட்டது, நீவியது, சந்தோஷப்பட்டது. அமலி குனிந்து விரலால் அளந்து பார்த்து, "நல்லா ஊறியிருக்கு கன்னம். கொழந்த எடையும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள். சம்சுதீன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, திருப்தியாகப் போனார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ரத்தினத்துக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் இத்தனை கை தடவியும் ஒரு கைக்குக்கூடத் தெரியவில்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஆரோன் வழக்கம் போல உள்ளங்கையை மேட்டில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தார். கடைசி ரப்பர் பூட்ஸும் வாசலைத் தாண்டிய பிறகு, குனிந்து மரத்தை முகர்ந்து பார்த்தார். நாற்பது வருஷமாக மாவு புளித்ததா இல்லையா என்று மூக்கால் தெரிந்துகொள்கிற ஆள்.

"இது புது மரமுங்க ரத்தினம்மா."

ரத்தினம் உளியை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"வந்தாளா?"

யார்கிட்டயும் சொல்லாதீங்க என்று ஒரு குரல் காதில் இருந்தது. அவள் சொல்லவில்லை. தலையையும் ஆட்டவில்லை. ஆனால் கண் நிறைந்துவிட்டது, அதை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆரோன் ஸ்டூலில் உட்கார்ந்தார். செவ்வாய்க்கிழமை கெசியா உட்கார்ந்த ஸ்டூல்.

"எங்க இருக்கான்னு சொல்ல வேண்டாம். கேக்க மாட்டேன்." காலடியில் கிடந்த மரச்சீவல் ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, "என்னப் பாக்காமலே போயிட்டாளா?" என்றார்.

"பாத்துட்டுத்தான் போனாங்ணா. கடை வாசல்ல நின்னு பாத்துட்டுத்தான் வந்தா."

சில்லறையைப் பற்றி ரத்தினம் சொல்லவில்லை. அது இனி தன்னோடு இருக்க வேண்டிய விஷயம்.

"சாப்புட்டாளா ஏதாச்சும்?"

"வர்க்கி. டீல நனைச்சு. ரெண்டு."

"நம்ம கடை வர்க்கியா?"

"ஆமா. உப்பு கூடன்னா."

"கூடத்தான்" என்றார் ஆரோன். "மாவு பிசையறவன் புதுசு. சொன்னா கேக்கறதில்ல." பிறகு அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கப் படிந்தது.

எழுந்தபோது அவர் கட்டையை ஒரு தடவை பார்த்தார்.

"இது இங்கயே இருக்கட்டுமுங்க. ஊர் இதையே பாத்துக்கிட்டு இருக்கட்டும். இத எடுத்துட்டா அவளத் தேட ஆரம்பிச்சிடுவாங்க."

"வெச்சுக்கலாம். ஆனா இது தானா மாறாதுங்ணா. நான்தான் மாத்தணும்."

"மாத்துங்க. நல்லபடியா மாத்துங்க. புள்ள பொறந்து கன்னம் இன்னும் கொஞ்சம் உப்பட்டும். தோளுக்குச் சதை வரட்டும்."

"அதுதான் கஷ்டம்" என்றாள் ரத்தினம். "இளைக்கணும்னா இதுலயே சுரண்டிடலாம். மரத்துல எடுக்கத்தான் முடியும். அவ நல்லா இருக்கணும்னா ஒவ்வொரு தடவையும் புது மரம் எடுத்து முதல்லருந்து செதுக்கணும்."

ஆரோன் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

"மரம் நான் கொண்டு வரேன்" என்றார்.

அவர் போன பிறகு ரத்தினம் விளக்கைப் போட்டாள். அலமாரியில் துண்டுகளைப் புரட்டி, முடிச்சில்லாத ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கழுத்து எப்படியிருக்கும், தோள் எந்தப் பக்கம் சாயும், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே மூட்டைக் கணக்குப் பார்த்தால் எந்த எலும்பு எழும்பும் என்று யோசித்தாள். இந்தப் பெண்ணுக்கு இனி ஒரு எலும்பும் ஒடியாது, ஒரு வேளையும் பட்டினி இல்லை, ஒரு காய்ச்சலும் வராது என்று முடிவு செய்தாள். அப்புறம், ஊர் நம்ப வேண்டுமே என்று, மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் சளி பிடிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாள்.